செங்கல் நிற மயில்

வைத்தாயிற்று. மூடியாயிற்று. சுவிட்சைப் போட்டதும் சோக்கு ஒரு தரம் உறுமி அடங்குகிறது. செருப்புப் பெட்டியின் மூலையில் ஊதா வெளிச்சம் ஒரு கீற்று. அதைப் பார்க்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது, பேப்பரை மடித்து இடுக்கில் செருகு. ஆச்சு. உள்ளே புரோகிராம் எழுதி வைக்கிற சிப். முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த பழைய ரகம். அந்த ஜன்னல் வழியாக இந்த வெளிச்சம் விழுந்தால்தான் எழுதினது அழியும், அழிந்தால்தான் மறுபடி எழுதலாம். குழல்விளக்கு சமையலறையில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெசினிலிருந்து கழற்றினது. கிருமியைக் கொல்கிற வெளிச்சம் சிப்பையும் துடைக்கும், இரண்டும் ஒன்றுதான், கடையில் தனியாக வாங்குகிறவன் முட்டாள். அன்றிலிருந்து வீட்டில் காய்ச்சின தண்ணீர். என் பெண்டாட்டி ரத்தினம் டம்ளரை வைக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள். காட்டட்டும். சிப் அழிய எவ்வளவு நேரம்? கீழே வாசிங் மெசின் ஒரு சுற்று ஓடி முடிக்கிற நேரம். அதுதான் கணக்கு. அவள் துணியைப் போட்டுக் கதவை அடிக்கிற சத்தம் கேட்டால் நான் இங்கே மாடி அறையில் சுவிட்சைப் போடுவேன். மெசின் கூவினால் எடுப்பேன். கடிகாரம் பார்ப்பதில்லை. கடிகாரம் என்றாலே என் ஞாபகத்தைச் சோதித்த அந்த டாக்டர். ஒரு கடிகாரம் வரையுங்க சார். வரைந்தேன். முள் சின்னது பெரியது எல்லாம் சரியாகத்தான் வரைந்தேன். அதில் ஒன்றும் குறையில்லை. குறை மூன்றாவது வார்த்தையில். மூணு வார்த்தை சொல்றேன் சார், கடைசியில கேப்பேன். குடை. தேங்காய். அப்புறம். அப்புறம் ஒன்று. போகட்டும். இப்போது அது வேண்டாம். இப்போது மயில்.

நான் எழுதின ஆட்டத்தில் மயில் நீலமாக வர வேண்டும். செங்கல் நிறத்தில் வருகிறது. அவ்வளவுதான் பிரச்சினை. கம்ப்யூட்டரில் போட்டால் நீலம், கழுத்தில் பச்சை மின்னுகிற நல்ல நீலம். அதே புரோகிராமைச் சிப்பில் ஏற்றி, சிப்பைக் கேசட்டில் சொருகி, கேசட்டை இந்த டிவி கேமில் அழுத்தி, பழைய குண்டு டிவியைப் போட்டால், செங்கல். சூளையிலிருந்து இப்போதுதான் எடுத்த செங்கல். தக்காளி சாம்பல். ஆட்டத்தில் வருகிற பாட்டியம்மாளின் பச்சை நைட்டி ரோஸ். கறுப்பு மட்டும் கறுப்பாகவே வருகிறது, அதைக் கெடுக்க யாராலும் முடியவில்லை. டிவி கேம் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அட்டைப்பெட்டியில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று போட்டிருந்தான், உள்ளே இருப்பது பதினாலு, மீதி அதே ஆட்டத்துக்கு வேறு சட்டை. ஜாய்ஸ்டிக் இரண்டில் ஒன்று செத்தது. என் மகன் யுவராஜ் சின்னப் பையனாக இருந்தபோது இதே மாதிரி ஒன்று வைத்து என் தூக்கத்தைக் கெடுத்தான், அது அசலுக்கு நகல். இது நகலுக்கு நகல், ஆனால் நகலடித்தவன் லேசுப்பட்டவன் இல்லை, அசலில் இல்லாத ஒன்றை உள்ளே வைத்துவிட்டான். அசலில் ஓர் உருவத்துக்கு மூன்று நிறம்தான். இதில் பதினைந்து. பதினைந்து! வைத்துவிட்டு அந்தப் பதினாலு ஆட்டத்தில் ஒன்றுக்குக் கூட அதைப் பயன்படுத்தவில்லை. முகப்புத் திரை மட்டும் பளபளக்கும், உள்ளே போனால் பழைய மூன்று நிறம். கல்யாண வீட்டு வாசலில் மட்டும் சீரியல் லைட் போட்ட மாதிரி. அதைப் பார்த்துத்தான் எனக்கு ரோஷம் வந்தது. பதினைந்து நிறத்துக்கு இந்த ஊரில் எது இருக்கிறது? ஜன்னலைத் திறந்தால் மயில். எங்கள் கணபதிப் பகுதியில் காக்காயைவிட மயில்தான் அதிகம் இப்போது. மொட்டை மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி போட்டால் மயில் தின்னும், ரத்தினம் கம்பெடுத்துக்கொண்டு ஓடுவாள், மயில் சுவர்மேல் ஏறி அவளைப் பார்க்கும். ஆட்டமே அதுதான். எழுதி முடித்தாயிற்று. நிறம்தான்.

தியாகோ சொல்கிறான் என் புரோகிராமில் தப்பில்லையாம். பிரேசில்காரன், முகம் பார்த்ததில்லை, கம்ப்யூட்டருக்குள் இந்த டிவி கேமாகவே நடிக்கிற புரோகிராம் அவன் எழுதினது. சிப் கம்பெனிக்காரன் வெளியிட்ட விவரத்தை வரிவரியாகப் பார்த்து எழுதினேன் ஐயா, அதில் நீலம் வந்தால் உங்கள் எழுத்து சரி, ஏற்றுகிறபோது பழைய ஃபைலை ஏற்றியிருப்பீர்கள், களைப்பில் எனக்கும் நடக்கும், ஓய்வெடுங்கள். ஓய்வாம். எனக்குக் கோபம் அவன் சொன்னதில் இல்லை. போன வாரம் நிஜமாகவே பழைய ஃபைலை ஏற்றிவிட்டேன், அதில்தான். அவனுக்கு அதைச் சொல்லவில்லை. அப்புறம் ஃபைலுக்குப் பேர் வைத்து, சரிபார்த்து, ஏற்றி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கேசட்டின் ஒவ்வொரு காலையும் மீட்டர் வைத்துத் தொட்டு, அப்புறமும் செங்கல். கம்ப்யூட்டரில் நீலம், டிவியில் செங்கல், நடுவில் இருப்பது நான் ஒருத்தன். அப்படியானால் கோளாறு எங்கே? அதைத்தானே எல்லாரும் சொல்லாமல் சொல்கிறார்கள். பற்றவைக்கிற ஈயம் வாங்க வண்டியை எடுத்தேன் அன்றைக்கு. போய் நின்றது நான் வேலை பார்த்த பழைய பம்ப் கம்பெனி வாசலில். கம்பெனி மூடி, இடித்து, அங்கே கல்யாண மண்டபம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. வாழைமரம் கட்டியிருந்தான். நான் வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடுகிறேன். வாட்ச்மேன் வந்து, ஐயா பொண்ணு வீடுங்களா மாப்ள வீடுங்களா என்றான். முப்பது வருஷம் போன வழி, சக்கரம் தானாகப் போனது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அடையாள அட்டையை எதற்குத் தேடினேன்? அந்த வாட்ச்மேன் போனை வாங்கி வீட்டுக்குப் பேசிவிட்டான். ரத்தினம் யுவராஜிடம் சொல்லிவிட்டாள். அவன் பெங்களூரிலிருந்தே டாக்டரைப் பிடித்துவிட்டான். குடை, தேங்காய், அப்புறம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், வீட்டைப் பூட்டி எங்கள் இருவரையும் அவன் ஃப்ளாட்டுக்கு அள்ளிப் போக. பன்னிரண்டாவது மாடி, தொட்டி வைக்க இடமில்லை, மயிலும் ஏறாது. போனில் சொன்னான், அப்பா இனி நீங்க ஈயம் உருக்கறது கரெண்ட்ல கை வைக்கறது எல்லாம் வேண்டாம்ப்பா. நான் சொன்னேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடிட்டா? என்னதுப்பா? மயிலு. சரிப்பா, என்றான், குழந்தையிடம் சொல்கிற சரி. நல்லது. நானும் எனக்கே சொல்லிவிட்டேன். மயில் நீலமாக வந்தால் என் தலை சரி. வராவிட்டால் நானே பெட்டி கட்டுகிறேன், யாரும் தூக்க வேண்டாம். என் அண்ணன் மறதி முற்றிக் கடைசியில் அண்ணியைக் கைகாட்டி இந்தம்மா யாரு, நல்லா சமைக்கிறாங்க என்றான். சிரித்தோம் முதலில். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தேங்காய், குடை. வரிசை மாற்றிச் சொன்னால் வருகிறதா? தேங்காய், குடை. வரவில்லை.

"ச்சூ! போ! ஓடிப் போயிரு! உங்களுக்கு வேற ஊடே கெடைக்கலையா?" வெளியே கம்பு தரையில் படார். இறக்கை ஒன்று ஜன்னலை மறைத்து விலகுகிறது. ரத்தினம் அறைக்குள் எட்டிப் பார்க்கிறாள், நைட்டிமேல் துண்டு, கையில் கம்பு, மூச்சு வாங்குகிறது. "ஏனுங், நான் அங்க ஒண்டியா மல்லுக்கட்டறேன், நீங்க அந்தப் பொட்டியில என்னத்த வெச்சு அடைகாக்கறீங்க?" சிப்பு. "எத்தன நாளைக்கு?" மெசின் நிக்கற வரைக்கும். "குஞ்சு பொரிச்சா சொல்லுங்க, கூடை கொண்டாறேன்." போ கீழ. "போறேன். காச்சுன தண்ணி வெச்சிருக்கேன், குடிங்க. பல்பு இருந்தவரைக்கும் பச்சத்தண்ணியே குடிச்சோம், ராசாவாட்ட." போய்விட்டாள். படியில் இறங்குகிற சத்தம், நாலாவது படியில் எப்போதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நிற்கிறாள், இறங்குகிறாள். டாக்டர் அறையில் அவளும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்கலாம். அந்த மூணாவது வார்த்தை என்னடி என்று. கேட்டால் முடிந்தது, அவளுக்குத் தெரிந்துவிடும் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. கேட்கக் கூடாது. ஆட்டத்தில் கம்பு எடுத்து ஓடுகிற பாட்டியம்மாள் அவள்தான் என்றும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் புடவை கட்டிவிடச் சொல்லுவாள். நைட்டி பச்சை. டிவியில் ரோஸ். ரோஸ் அவளுக்குப் பொருந்தாது.

கீழே மெசின் தண்ணீரைக் கொட்டுகிறது, குடுகுடுவென்று. இன்னும் பிழிய வேண்டும். அதுவரை கை சும்மா இருக்க வேண்டும், சும்மா இருப்பதுதான் வேலையிலேயே கஷ்டம். சுவரில் பழைய சர்க்யூட் போர்டு ஒன்று மாட்டியிருக்கிறேன், கம்பெனியில் நான் போட்ட முதல் மோட்டார் கன்ட்ரோலர். கிணறு வற்றினால் தானாக மோட்டாரை நிறுத்தும். இன்றைக்குச் சிரிப்பார்கள், அன்றைக்கு எங்கள் கம்பெனித் தெருவில் அதைப் பார்க்க ஆள் வந்தான். பார்க்க மட்டுமா வந்தான்? சிப்பின் தலையில் நம்பர் தெரியக் கூடாதென்று எங்கள் கம்பெனிப் பையன் லாரன்ஸ் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பான். காலையில் வந்தால் தேய்ப்பு, சாயங்காலம் போகும்வரை தேய்ப்பு, சிப்பெல்லாம் மொட்டைத் தலையாக உட்கார்ந்திருக்கும். அதையும் மீறி எதிர் வரிசைக் கம்பெனிக்காரன் ஒன்றை விலைக்கு வாங்கி, உள்ளே இருந்த புரோகிராமை அப்படியே உருவி, தன் போர்டில் ஏற்றி, பாதி விலைக்கு விற்க ஆரம்பித்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, என்ன பண்ணப் போறீங்க என்றார். நான் ஒன்றும் பெரிதாகப் பண்ணவில்லை. போர்டில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினேன். அதற்குத் தக்கபடி புரோகிராமையும் மாற்றிக் கலைத்து எழுதினேன். எங்கள் போர்டில் போட்டால் ஒழுங்காக ஓடும். உருவிக்கொண்டு போய் வேறு போர்டில் போட்டால் பைத்தியம் பிடித்து ஆடும். ஆடியது. அவன் விற்ற போர்டை மாட்டின மோட்டாரெல்லாம் கிணறு வற்றியும் நிற்காமல் ஓடிக் கருகினது. அந்தக் கம்பெனி இன்ஜினியர், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், அப்புறம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சார், நீங்க கம்பி மாத்துனது தெரியாம நான் மண்டைய ஒடைச்சுக்கிட்டேன் சார், எழுத்தெல்லாம் சரி, போர்டெல்லாம் சரி, அப்ப எனக்குத்தான் மண்டை கொழம்பிப்போச்சுன்னு நினைச்சு எங்கம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுட்டாங்க சார். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ரசம் இலையைத் தாண்டி ஓடினது. எழுத்து சரி. போர்டு சரி. அப்போ கோளாறு எனக்குத்தான். அவனுக்கு மந்திரித்தார்கள், எனக்குக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். எழுத்து சரி, போர்டு சரி. நில். நில் நில் நில். எழுத்து சரி போர்டு சரி என்றால் கம்பி. இதைச் செய்தவனும் நகலடிக்கிறவன்தானே. நகலடிக்கிறவனுக்குத்தானே இன்னொரு நகல்காரனைக் கண்டால் பயம். முகப்புத் திரை மட்டும் பளபளக்கிறது, ஏன்? அது அவனே எழுதினது. அவனுக்கு மட்டும் தெரியும். அடப்பாவி. கம்பியை மாற்றியிருக்கிறான். இந்த டிவி கேமின் சிப்புக்குள்ளேயே மாற்றியிருக்கிறான். நான் செய்ததையே எனக்குச் செய்திருக்கிறான். கம்பெனி வெளியிட்ட விவரம் அசல் சிப்புக்கு, இந்தப் பெட்டிக்கில்லை, தியாகோ அந்த விவரத்தை நம்பினான், நான் தியாகோவை நம்பினேன், நம்பாமல் போனது என்னை ஒருத்தனை மட்டும்தான்.

பென்சில் எங்கே. காதில். ஒரு நிறத்தை இந்தப் பெட்டிக்குச் சொல்ல இரண்டு துண்டாக உடைத்துச் சொல்ல வேண்டும், மேல் பாதி ஓரிடத்தில், கீழ் பாதி ஓரிடத்தில். கம்பி மாற்ற அதைவிடத் தோதான இடம் எது? நானாக இருந்தால் அங்கேதான் கை வைப்பேன். மேலதைக் கீழே, கீழதை மேலே. மயில் நீலத்தை எழுது. உடை. இடம் மாற்று. கூட்டிப் பார். என்ன நிறம்? விரலை விவர அட்டையில் ஓட்டு, இந்த வரிசை, இந்தக் கட்டம், செங்கல். ஐயோ. செங்கல்! ஒன்றை வைத்து நம்பாதே. நைட்டி. பச்சையை உடை, மாற்று, ஓட்டு. ரோஸ். தக்காளிச் சிவப்பு. உடை, மாற்று. சாம்பல். எல்லாம், எல்லாம் அதனதன் வீட்டில் போய் உட்காருகிறது. கறுப்பு? கறுப்புக்கு இரண்டு பாதியும் பூஜ்யம்டா முட்டாளே, பூஜ்யத்தை எப்படிப் புரட்டினாலும் பூஜ்யம், அதனால்தான் அது மட்டும் கறுப்பாகவே நின்றது, நீ கவனி கவனி என்று கத்திக்கொண்டு நின்றது. புரோகிராமில் மாற்ற வேண்டியது இரண்டே இடம். இதை அதாக்கு, அதை இதாக்கு. கீழே மெசின் பிழிய ஆரம்பித்துவிட்டது, வீடே அதிருகிறது, சீக்கிரம் பிழி, சீக்கிரம் பிழி. எத்தனை பெரிய துணி போட்டிருக்கிறாள் இவள். கூவுகிறது. கூவிவிட்டது! சுவிட்சை அணை. பெட்டியைத் திற. சிப் சூடாக இருக்கிறது, புதுசாகப் போட்ட முட்டை மாதிரி. குஞ்சு பொரிச்சா சொல்லணுமாம். ஏற்று. ஃபைல் பேரைப் பார். புதுசுதானா? புதுசுதான். இன்னொரு தரம் பார். போதும், எத்தனை தரம் பார்ப்பாய், ஏற்று. ஏறுகிறது. திரும்பப் படி. ஒப்பிடு. சரி. கேசட்டில் கால் வளையாமல் அழுத்து. டிவி கேமில் சொருகு. டிவி சூடாக நேரமெடுக்கும், கிழட்டு டிவி, என்னைப் போல, நடுவில் ஒரு கோடு, கோடு விரிகிறது, புகை மாதிரி, அப்புறம்

நீலம்.

நீலம் நீலம் நீலம். கழுத்து நீலம், கழுத்தோரம் பச்சை, தோகையில் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் செம்பு, செம்புக்குள் கருநீலம், பதினைந்து நிறமும் வரிசையாக வந்து நிற்கிறது, இந்தப் பெட்டி பிறந்த நாளிலிருந்து அதன் வயிற்றுக்குள் கிடந்த நிறம், அதைப் பண்ணினவன்கூட ஒரு ஆட்டத்திலும் பார்க்காத நிறம். கம்ப்யூட்டரில் பார்த்தது இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, இந்தப் பழைய கண்ணாடியில் நீலம் வழிகிறது. மயில் சுவரில் ஏறித் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறது. பாரு. நன்றாகப் பாரு. என் தலை சரி. எழுத்து சரி, போர்டு சரி, நான் சரி. கத்தினேனா? கத்தியிருக்க வேண்டும். "என்னாச்சுங்? ஷாக்கடிச்சுருச்சா?" ரத்தினம் முட்டியை மறந்து ஏறி வந்திருக்கிறாள், கையில் ஈரத்துணி வாளி. நான் டிவியைக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்தாள். பார்த்தாள். "இது நம்ம மொட்ட மாடியாட்ட இருக்குது." ஆமா. "அதா நம்ம தண்ணித் தொட்டி. தக்காளி. அட, அந்த ஓட்ட வாளி மொதக்கொண்டு போட்டிருக்கீங்க." ம். "அதாருங் அது, பச்ச நைட்டியில துண்டப் போட்டுக்கிட்டு?" யாரோ. "யாரோவா? என்ர நைட்டிங் அது!" ம். "நான் இத்தன குண்டா?" எட்டுக்கு எட்டுக் கட்டம்தான் கொடுக்கறான், அதுக்குள்ள இவ்வளவுதான் முடியும். "மயிலுக்கு மட்டும் எத்தன கட்டம் குடுத்தீங்க?" ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் மயில் அவளைச் சுற்றிப் போய்த் தக்காளியைத் தின்றது. "ஏய்! ஏய்! இதென்னங், நான் இந்தப்பக்கம் போனா அது அந்தப்பக்கம் போகுது?" நிஜத்துலயும் அப்படித்தான போகுது. "நிஜத்துல நான் கம்ப வீசுவேன்." சிவப்புப் பொத்தான். வீசினாள். மயில் இறக்கையை விரித்துக்கொண்டு பறந்தது, அந்த விரிப்புக்கு நான் மூன்று மாதம் உட்கார்ந்தேன், திரை முழுக்க ஒரு நொடி நீலம், அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். "ஐயோ, என்னா அழகுங்," என்றாள், மெல்ல. அப்புறம் கால்நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. ஏண்டி, அந்த டாக்டர் மூணு வார்த்தை சொன்னானே, குடை, தேங்காய், மூணாவது என்ன? திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவள். "எனக்கென்ன தெரியும்? அந்தாளு சட்டப் பையில மசிக் கறை. வெள்ளச் சட்டைய இப்படிப் பாழாக்கி வெச்சிருக்கானேன்னு அதையேதான் பாத்துட்டிருந்தேன். கொடையுன்னு சொன்னானா என்ன?" சொன்னான். "செரி, தள்ளி உக்காருங்க, மறைக்குது." போன் அடித்தது. யுவராஜ். அவள் கை நிறைய ஜாய்ஸ்டிக், நான்தான் எடுத்தேன். அப்பா, ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன், சாமான் என்னென்னன்னு அம்மாகிட்ட... டேய், நீலம் வந்துருச்சு, என்றேன். என்னதுப்பா? மயிலு. கம்பி மாத்திப் போட்டிருக்கான், புடிச்சுட்டேன். கார்ல ஒண்ணும் ஏத்த வேண்டாம். வரும்போது இந்த டிவி கேமுக்கு ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிட்டு வா, ரெண்டாவது செத்துக்கிடக்குது. அப்பா... பிளக்குல ஒன்பது ஊசி வெச்சது. பதினஞ்சு வெச்சது வாங்கிறாத. போனை வைத்துவிட்டேன். தியாகோவுக்கு எழுத வேண்டும், இரண்டு வரி போதும், எழுத்து சரி, உன் விவரம் தப்பு, நீ ஓய்வெடு. ரத்தினம் இரண்டாவது கட்டத்துக்குப் போய்விட்டாள், அங்கே மயில் இரண்டு. "வாங்கடி வாங்க," என்கிறாள். வாளியில் துணி ஈரமாகக் கிடக்கிறது. வெளியே சுவரிலிருந்து தொப்பென்று ஏதோ குதித்த சத்தம், தொட்டிப் பக்கம் இலை சலசலக்கிறது, நிஜ மயில் நிஜத் தக்காளியைக் கொத்துகிறது. இரண்டு பேருக்கும் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.